பிடிமண்ணும் தாழியும்: புதுக்கோட்டையில் தொல்தாயைத் தேடி

(புதுக்கோட்டையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"வரலாற்றுக்கு முந்தைய தாய்த்தெய்வ வழிபாடு" என்று அழைப்பிதழில் தலைப்பு போட்டிருக்கிறார்கள். மேடையில் பேச வசதியான தலைப்பு. ஐரோப்பாவில் ஒரு தாய், சிந்துவெளியில் ஒரு தாய், ஆதிச்சநல்லூரில் ஒரு தாய், நம் நார்த்தாமலையில் முத்துமாரி. இவற்றையெல்லாம் ஒரே கோட்டில் நிறுத்தி, "முப்பதாயிரம் ஆண்டுகளாக உலகம் கும்பிட்டது ஒரே தாயைத்தான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் கைதட்டல் நிச்சயம். நான் அந்தக் கோட்டைப் போட வரவில்லை. என் கட்சி வேறு. சிலையைத் தேடிப் போனால் தொல்தாய் நம் கைக்கு அகப்பட மாட்டாள். மண்ணையும் பானையையும் விதையையும் வைத்துக்கொண்டு மனிதர்கள் என்ன செய்தார்கள், இன்றைக்கு என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் ஏதோ தட்டுப்படுகிறது. அப்படிப் பார்ப்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டத்தைப் போல வாய்ப்பான இடம் குறைவு.

முதலில், இந்த "ஒரே தாய்" என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம்.

1861இல் பாகோஃபன் என்ற சுவிட்சர்லாந்து நாட்டுச் சட்ட அறிஞர் தாயுரிமை பற்றி ஒரு நூல் எழுதினார். ஆண்கள் ஆளத் தொடங்குவதற்கு முன்னால் பெண்கள் ஆண்ட காலம் ஒன்று இருந்தது என்பது அவர் வாதம். 1908இல் ஆஸ்திரியாவின் வில்லென்டார்ஃப் என்ற ஊரில் சுமார் 11 சென்டிமீட்டர் உயரமுள்ள சுண்ணாம்புக்கல் பெண் உருவம் ஒன்று கிடைத்தது. பருத்த மார்பு, பெருத்த வயிறு, மேலே செங்காவி பூசிய தடம், ஏறக்குறைய 30,000 ஆண்டுப் பழமை. அப்புறம் எங்கே தோண்டினாலும், கிடைத்த பெண் பொம்மைக்கெல்லாம் "தாய்த்தெய்வம்" என்று சீட்டு எழுதி ஒட்டுவது வழக்கமாகிவிட்டது. 1960களில் துருக்கியின் சாத்தல்ஹுயூக்கை அகழ்ந்த ஜேம்ஸ் மெல்லார்ட், அங்கே பெருந்தாய் வழிபாடு கொடிகட்டிப் பறந்தது என்று எழுதினார். மரியா கிம்புடாஸ் அதைப் பழைய ஐரோப்பா முழுவதற்கும் விரித்தார்.

மறுப்பும் கூடவே வந்தது. 1968இல் பீட்டர் அக்கோ ஒரு கேள்வி கேட்டார்: இந்தப் பொம்மைகள் குழந்தைகள் விளையாடியவையா, மந்திரத்துக்குச் செய்தவையா, இறந்தவர் நினைவாக வைத்தவையா? எல்லாவற்றையும் ஒரே தெய்வம் என்று எப்படிச் சொல்வது? சாத்தல்ஹுயூக்கில் பிற்பாடு இயன் ஹாடர் குழுவினர் ஆண்டுக்கணக்கில் அகழ்ந்தார்கள். கிடைத்த உருவங்களில் பெரும்பாலானவை விலங்குகள். பலவும் குப்பை கொட்டிய இடங்களில் கிடந்தன. கும்பிட்ட சாமியை யாராவது குப்பையில் போடுவார்களா?

பெண்களுக்கு நான் ஒன்று சொல்ல வேண்டும். தாய்த்தெய்வம் இருந்தது என்பதாலேயே பெண்ணுக்கு அதிகாரம் இருந்தது என்று ஆகிவிடாது. இதற்கு ஐரோப்பா வரை போக வேண்டியதில்லை. மண்ணைத் தாய் என்று கும்பிடும் நம் ஊரில் பட்டா யார் பெயரில் இருக்கிறது? அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்த்தால் பாகோஃபனுக்குப் பதில் கிடைத்துவிடும்.

இந்தியாவுக்கு வருவோம். சிந்துவெளி அகழாய்வு பற்றி 1931இல் நூல் வெளியிட்ட ஜான் மார்ஷல், ஹரப்பாவில் கிடைத்த ஒரு முத்திரையைச் சுட்டிக்காட்டினார். தலைகீழாக ஒரு பெண் உருவம், அவள் கருப்பையிலிருந்து ஒரு செடி முளைத்து வருகிறது. இது நிலமகள்தான் என்றார் மார்ஷல். வாதத்துக்கு இடம் தரும் முத்திரை என்றாலும் நம் தலைப்புக்கு மிக நெருக்கமான சான்று. வெறும் பருத்த மார்பை வைத்துச் சொல்லப்படும் வாதத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இங்கே ஒரு செயல் நடக்கிறது: முளைக்கிறது.

இதைவிட என்னைக் கவர்ந்தது மத்தியப் பிரதேசம், சிதி மாவட்டத்துப் பாகோர். 1980களின் தொடக்கத்தில் அலகாபாத் பல்கலைக்கழகத்து ஜி. ஆர். சர்மாவும் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த டெஸ்மண்ட் கிளார்க்கும் சோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அகழ்ந்தார்கள். பழைய கற்காலத்தின் கடைசிக் கட்டம், ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய இடம். உடைகற்களை வட்டமாகப் பரப்பிய ஒரு மேடை. நடுவில் ஒரு சாண் உயரம்கூட இல்லாத முக்கோணக் கல். யாரும் செதுக்கியதில்லை. ஒன்றுக்குள் ஒன்றாக முக்கோண வரிகள் கல்லிலேயே இயற்கையாக ஓடுகின்றன. இது என்னவென்று அறிஞர்கள் யோசித்துக்கொண்டிருக்க, அந்தப் பகுதியின் கோல், பைகா மக்களுக்கு யோசனையே தேவைப்படவில்லை. அதே மாதிரியான வரிக்கல்லை இன்றும் மேடை கட்டி வைத்து, "மாயி" என்று கும்பிடுகிறார்கள்.

அதனால் பத்தாயிரம் ஆண்டுத் தொடர்ச்சி நிரூபணமாகிவிட்டதா? இல்லை. இடையில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று தெரியாமல் அப்படிச் சொல்லக் கூடாது. ஆனால் ஒரு வழி தெரிந்துவிட்டது. தோண்டுபவர், மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்து ஊரின் பூசையையும் போய்ப் பார்க்க வேண்டும். இந்த வழியில் முன்னாலேயே நடந்தவர் தாமோதர் தர்மானந்த் கோசாம்பி. புனே வட்டாரத்து மேய்ச்சல் தடங்களில் அவர் கால்நடையாகத் திரிந்தார். ஊர்ப்பெண் தெய்வங்கள் இருக்கும் சந்திகளிலும் மேடுகளிலும் கற்கால நுண்கருவிகள் கிடப்பதைக் கண்டார். 1962இல் வெளிவந்த அவர் நூலில் இதைப் பற்றிய கட்டுரை இருக்கிறது. நம் மாவட்டத்துக்கு அப்படி ஒரு நடை இன்னும் பாக்கி இருக்கிறது.

சரி, புதுக்கோட்டையில் என்ன இருக்கிறது?

அன்னவாசல் வழியாகச் சித்தன்னவாசலுக்குப் போகிறவர்கள் ஓவியத்தைப் பார்க்கும் அவசரத்தில் ஒன்றைத் தவறவிட்டுவிடுகிறார்கள். ஓவியம் உள்ள அந்தக் குகைக்கோயிலுக்கும், அங்கேயே ஏழடிப்பட்டம் என்ற குகையில் உள்ள தமிழிக் கல்வெட்டுக்கும் முந்தையவர்கள் அந்த மலையடிவாரத்தில் படுத்திருக்கிறார்கள். கல்வட்டங்கள், மண்ணுக்குள் பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய கற்பதுக்கைகள், சிலவற்றின் பலகையில் வட்டமாகக் குடைந்த இடுதுளை. கறம்பக்குடிப் பக்கம் அம்பலத்திடலில் தாழிகளாகவே கிடக்கின்றன. பானை ஓடு காலில் தட்டாமல் அந்தத் திடலில் நடக்க முடியாது.

இந்தத் தாழிகளைப் பற்றி நம் கிராமத்துப் பெரியவர்கள் ஒரு கதை சொல்வார்கள். அந்தக் காலத்து மனிதர்களுக்குச் சாவு எளிதில் வராதாம். வயது ஏற ஏற உடம்பு சுருங்கிக்கொண்டே போகுமாம். கைக்குழந்தை அளவுக்குச் சுருங்கியதும் பானைக்குள் உட்கார வைத்து, சோறும் தண்ணீரும் விளக்கும் வைத்து, மண்ணுக்குள் இறக்கிவிடுவார்களாம். புதுக்கோட்டை சமஸ்தான அருங்காட்சியகத்தில் பணியாற்றிய கே. ஆர். சீனிவாசன், பெருங்கற்கால ஈமச்சின்னங்களைத் தமிழ் இலக்கியத்தோடும் இத்தகைய வழக்குகளோடும் பொருத்திப் பார்த்து 1946இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். இன்றைக்கும் அந்தத் துறையில் அடியெடுத்து வைப்பவர் அதைப் படிக்காமல் தாண்ட முடியாது.

புறநானூற்றில் 228ஆம் பாட்டும் 256ஆம் பாட்டும் குயவரை நோக்கிப் பேசுகின்றன. முதலாவது ஐயூர் முடவனார் பாடியது. இறந்தவன் கிள்ளிவளவன். அவ்வளவு பெரிய மன்னனை அடக்கும் தாழிக்கு நீ எங்கே போவாய் என்று குயவரிடம் இரங்குகிறார் புலவர். அடுத்தது, கணவனைச் சுரத்தில் இழந்த ஒரு பெண்ணின் பாட்டு. தனக்கும் சேர்த்து அகலமாக வனையச் சொல்கிறாள். சாவு வீட்டில் குயவருக்கு இருந்த இடத்தைக் கவனியுங்கள். பானை வனைகிறவர்தான் கடைசி வீட்டையும் வனைகிறார். வயிறு புடைத்து வாய் குறுகிய அந்தக் கலத்தை, குழந்தை கருவில் இருப்பது போல் முழங்கால் மடக்கி உட்கார வைத்த உடம்பை, தாயின் கருப்பை என்று ஆய்வாளர் பலர் விளக்கியிருக்கிறார்கள். அழகான விளக்கம். விளக்கம் என்ற அளவிலேயே அதை வைத்துக்கொள்வோம்.

விளக்கம் தேவைப்படாத சான்று ஒன்றும் இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் நெல் கிடைத்தது. அமெரிக்க ஆய்வகத்தில் காலக்கணிப்பு செய்ததில் பொ.ஆ.மு. 1155 என்று வந்ததைத் தமிழ்நாடு அரசு 2021இல் அறிவித்தது. மூவாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால், செத்தவரோடு நெல்லையும் சேர்த்து மண்ணுக்குள் வைத்திருக்கிறார்கள். ஆதிச்சநல்லூரில் 2004இல் சத்தியமூர்த்தி நடத்திய அகழாய்வில் வந்த பானை ஓட்டில், மண்ணை ஒட்டி உருவாக்கிய ஒரு காட்சி: ஒல்லியாக நெடிதாக நிற்கும் ஒரு பெண், பக்கத்தில் ஒரு பயிர், ஒரு கொக்கு, ஒரு மான், ஒரு முதலை. திருவண்ணாமலை மாவட்டத்து மோட்டூரில் கல்வட்டத்துக்கு நடுவே பிரம்மாண்டமான ஒரு பலகைக்கல் நிற்கிறது. தலை இல்லை, கை இல்லை, தோள் மட்டும் விரிந்திருக்கிறது. அதையும் தாய்த்தெய்வம் என்பவர்கள் உண்டு. நான் நெல்லைத்தான் பெரிதாக எண்ணுவேன். செத்தவரையும் விதையையும் ஒரே கலத்தில், ஒரே மண்ணில் வைத்த கை ஏதோ ஒன்றை நம்பியிருக்கிறது.

இனி மண்ணுக்கு மேலே வருவோம்.

நம் மாவட்டத்தில் வற்றாத ஆறு கிடையாது. வெள்ளாறும் அக்கினியாறும் அம்புலியாறும் மழையை நம்பி ஓடுகிறவை. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்களும் குளங்களும்தான் இந்த மாவட்டத்தைக் காப்பாற்றின. மழை பொய்த்தால் கண்மாய் பொய்க்கும், கண்மாய் பொய்த்தால் குதிர் காலி. இந்தப் பயம் உள்ள ஊரில்தான் மண்ணை வணங்கும் சடங்கு கூர்மையாக இருக்கும். மூன்றை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, மது எடுப்பு. ஆலங்குடி, கீரமங்கலம், கொத்தமங்கலம் பக்கத்துக்காரர்கள் இங்கே இருந்தால் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். குடம் நிறைய நெல். அதன் மேல் விரியாத தென்னம்பாளையைப் பிளந்து, பொன்னிறப் பூங்கொத்து நாலாபக்கமும் சரிந்து தொங்கும்படி செருகுவார்கள். மேலே பூச்சரம். வீட்டுக்கு ஒரு குடமாகப் பெண்கள் தலையில் தூக்கி, குலவையிட்டு ஊர்வலமாகக் கோயிலுக்குப் போவார்கள். நல்ல மழை பெய்ய வேண்டும், வெள்ளாமை விளைய வேண்டும், இவ்வளவுதான் வேண்டுதல். கோயில் முன் பாளையைக் கொட்டி வணங்கிவிட்டுத் திரும்புவார்கள். கலம், நெல், பூ, பெண். சிலை அந்த ஊர்வலத்தில் எங்கேயும் இல்லை. தேவையும் இல்லை.

இரண்டு, முளைப்பாரி. காப்புக் கட்டியதும் மண் ஓட்டிலோ சட்டியிலோ எருவையும் வைக்கோலையும் பரப்பி, ஊற வைத்த பயறு வகைகளையும் தானியங்களையும் தெளித்து, வெயில் படாத அறையில் வைத்துவிடுவார்கள். தண்ணீர் ஊற்ற ஒரு பெண் விரதம் இருப்பாள். ஆண்கள் எட்டிப் பார்க்கக் கூடாது என்ற கட்டு பல ஊர்களில் உண்டு. இருட்டில் வளர்வதால் பயிர் பச்சையாக வராது. வெளிறிய மஞ்சளில், ஊசி ஊசியாக, நெருக்கமாக ஏறி நிற்கும். எந்த வீட்டுப் பாரி எவ்வளவு உயரம் என்று பார்த்து அந்த ஆண்டு வெள்ளாமையைக் கணிப்பார்கள். கும்மி கொட்டி, தூக்கிப்போய்க் கண்மாயில் கரைத்துவிடுவார்கள். பழைய ஏதென்ஸிலும் இதே மாதிரி ஒன்று நடந்திருக்கிறது. அடோனிஸ் விழாவில் பெண்கள் உடைந்த பானை ஓடுகளில் விதை தூவி, கூரை மேல் வைத்து முளைக்கச் செய்து, பிறகு நீரில் விடுவார்கள். கிரேக்கத்துக்கும் கீரமங்கலத்துக்கும் உறவு கற்பிக்க வேண்டியதில்லை. மண்ணையும் மழையையும் நம்பிய பெண்கள் இரண்டு இடத்திலும் ஒரே பரிசோதனையைச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

மூன்று, பிடிமண். ஐயனாருக்குப் புரவி, அதாவது மண்குதிரை, எடுக்க வேண்டுமானால் ஊர்ப் பெரியவர்கள் முறைப்படி ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துக் குயவரான வேளாரிடம் கொடுப்பார்கள். அதை வாங்கிய பிறகுதான் வேளார் குதிரை செய்யத் தொடங்குவார். குலதெய்வத்தை விட்டு வெளியூரில் குடியேறியவர்கள் என்ன செய்கிறார்கள்? பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப்போய்ப் புது இடத்தில் வைத்துக் கோயில் கட்டுகிறார்கள். சிலையைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. மண்ணாகத்தான் அம்மன் ஊர் மாறுகிறாள். தெய்வம் மண்ணில் இருக்கிறது என்று தத்துவம் பேசுகிறவர்களைவிட, ஒரு பிடி மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறும் பாட்டி அதை உறுதியாக நம்புகிறாள்.

இதில் சண்டையும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. பிடிமண்ணை யார் கொடுப்பது, முதல் குடத்தை யார் தூக்குவது, முதல் மரியாதை யாருக்கு என்பதில் ஊர் இரண்டுபட்ட கதைகள் நமக்குத் தெரியும். மண்ணைக் கும்பிடும் சடங்கு, மண் யாருடையது என்ற கேள்வியையும் சேர்த்தே சுமக்கிறது. சாதி பார்த்து ஒதுக்கும் வழக்கத்தைத் "தொன்மையான மரபு" என்று சொல்லிக் காப்பாற்ற நான் தயாரில்லை.

அரசுகள் இந்தத் தாயை என்ன செய்தன? விடவில்லை, சேர்த்துக்கொண்டன. கண்மாய்க் கரையில் மரத்தடியில் ஏழு கல் இருந்தால் கன்னிமார். அதே எண்ணிக்கையில், ஆயுதம் தாங்கி, வாகனத்தோடு, பாறையில் செதுக்கப்பட்டால் சப்த மாதர். திருக்கோகர்ணத்துப் பாறையில் அவர்களைப் பார்க்கலாம். திருக்கட்டளைக் கோயிலில் அவர்களுக்குத் தனிச் சிற்றாலயமே உண்டு. மலையடிப்பட்டியில், பல்லவன் தந்திவர்மனின் 16ஆம் ஆட்சியாண்டில் குவாவன் சாத்தன் என்ற விடேல்விடுகு முத்தரையன் குடைவித்த சிவன் குகையிலும் ஏழு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். கரையில் இருந்தவர்கள் கோயிலுக்குப் போனார்களா, கோயிலில் இருந்தவர்கள் கரைக்கு வந்தார்களா? இரண்டு திசையிலும் போக்குவரத்து நடந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் கல்வெட்டில், வரி விலக்குப் பெற்ற நிலங்களின் பட்டியல் வருகிறது. பிடாரி, சேட்டை, காடுகாள், ஐயன் ஆகியோர் கோயில்கள் அதில் இருக்கின்றன. பெருங்கோயில் கட்டியவனும் ஊர்த்தாயின் நிலத்தில் கை வைக்கவில்லை.

நம் தொண்டைமான் மன்னர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாளின் அடிமை, பிரகதாம்பாள் தாசர், என்று தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். அம்மன் காசு பார்த்திருப்பீர்கள். சுண்டு விரல் நுனியில் நிற்கும் சின்னச் செப்புக் காசு. ஒரு பக்கம் உட்கார்ந்த கோலத்தில் அம்மன், மறுபக்கம் தெலுங்கில் "விஜய". நவராத்திரியில் அரிசியோடு இந்தக் காசையும் குடிகளுக்குக் கொடுத்தார்கள். 1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணையும் வரை இந்த ஊரின் அடையாளம் அது. பிரிட்டிஷ் ராணி தலை போட்ட காசு புழங்கிய காலத்தில் அம்மனைப் போட்டவர்கள் நாம்.

ஆக, கேள்விக்கு வருகிறேன். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் புதுக்கோட்டையில் மண்தாயைக் கும்பிட்டார்களா?

சங்க இலக்கியத்தில் கொற்றவை இருக்கிறாள். திருமுருகாற்றுப்படை அவளைப் பழையோள் என்கிறது. அந்தப் புலவருக்கே அவள் பழையவள். அதற்கு முன்னால் அவளைப் பற்றிப் பேசும் எழுத்து நமக்குக் கிடைக்கவில்லை. தாழியில் இறந்தவரை வைத்தவர்கள் மண்ணை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதற்கு ஓர் எழுத்துகூட நமக்கு விட்டுவைக்கவில்லை. விட்டுவைத்தது செயலை. வனைந்தார்கள், விதையை வைத்தார்கள், மண்ணுக்குள் இறக்கினார்கள், மேலே கல்லை வட்டமாக அடுக்கினார்கள். இன்று ஆலங்குடிப் பெண் குடத்தில் நெல்லை நிரப்புவதை அதன் அருகில் வைத்துப் பார்க்கலாம். பார்க்க வேண்டும். ஆனால் அருகில் வைப்பது வேறு, முடிச்சுப் போடுவது வேறு. இடையில் மூவாயிரம் ஆண்டு கிடக்கிறது. சமணர் வந்தார்கள், பல்லவர், முத்தரையர், சோழர், பாண்டியர், நாயக்கர், தொண்டைமான் என்று எத்தனையோ ஆட்சி. அத்தனையையும் தாண்டி ஒரு சடங்கு மாறாமல் வந்தது என்று சொல்ல இடைக்காலச் சான்றுகள் கண்ணி கண்ணியாக வேண்டும். அந்தக் கண்ணிகளைத் தேடுவதுதான் இனி நமக்குள்ள வேலை.

மாணவர்களே, அந்த வேலை உங்களுடையது. உங்கள் ஊரில் பிடிமண் எந்தக் கண்மாயிலிருந்து எடுக்கப்படுகிறது, யார் கொடுக்க யார் வாங்குகிறார், கன்னிமார் கல் மடைக்கு எந்தப் பக்கம் இருக்கிறது, மது எடுப்பு எந்த மாதம், குடத்தில் என்ன நெல்? உங்கள் அப்பத்தாவிடம் உட்கார்ந்து கேட்டு, ஊர்ப் பெயரும் தேதியும் போட்டு எழுதுங்கள். அந்த இடத்துக்கு அரை மைலுக்குள் கல்வட்டமோ தாழியோ கருப்புச் சிவப்புப் பானை ஓடோ இருக்கிறதா என்று நடந்து பாருங்கள். நூறு ஊருக்கு இப்படி ஒரு வரைபடம் வந்தால், தாய்த்தெய்வம் பற்றி நான் இன்று பேசிய பேச்சில் பாதியை நீங்கள் தள்ளிவிடலாம். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வேன்.

பெரியவர்களுக்கும் ஒன்று. பொற்பனைக்கோட்டையில் 2021இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2023இல் தொல்லியல் துறையும் அகழ்ந்த பிறகு, மண்ணுக்குக் கீழே ஒரு ஊர் இருக்கிறது என்று மாவட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அதே மாவட்டத்தில்தான் ஜேசிபி ஒரே காலைப் பொழுதில் ஒரு ஈமக்காட்டைச் சமப்படுத்தி மனைக்கல் ஊன்றிவிடுகிறது. கிரானைட்டுக்கு மலை போகிறது, கிராவலுக்குத் திடல் போகிறது. கண்மாய் தூர்வாரும்போதோ வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ தாழியோ பழம்பொருளோ தட்டுப்பட்டால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள், தாசில்தாரிடம் சொல்லுங்கள். திருக்கோகர்ணத்தில் 1910 முதல் இயங்கும் அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கேயும் சொல்லுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.

அம்மனுக்குப் பால்குடம் எடுக்கிறோம், தீச்சட்டி எடுக்கிறோம், பங்குனியில் நார்த்தாமலைக்கும் கொன்னையூருக்கும் கூட்டம் கூட்டமாய்ப் போகிறோம். அவள் மண்ணில் இருக்கிறாள் என்று நம்புகிறவர்கள், அந்த மண்ணை லாரியில் ஏற்றி அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை குனிந்து பார்க்க வேண்டும்.